சபை வளர ஜெபிக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி

பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான பேர் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறார்கள். இதே ஊரில் "டேனிஷ் மிஷன் மேல்நிலைப் பள்ளி" என்று ஒரு பள்ளிக்கூடம் இருப்பதை அவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? டென்மார்க் எங்கே, அண்ணாமலையார் ஊர் எங்கே?

டேனிஷ் என்றதும் தரங்கம்பாடி, சீகன்பால்கு, 1706 என்று வரலாறு படித்தவர்கள் சொல்வார்கள். அது வேறு கதை. தரங்கம்பாடியை டென்மார்க் 1845-லேயே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. திருவண்ணாமலைக்கு வந்த டேனிஷ் மிஷன் அதற்குப் பிந்தியது. அதன் தொடக்கம் ஒரு சண்டை. சண்டை எதைப் பற்றி? நம்ம ஊரில் வேறு எதைப் பற்றி இருக்கும்... சாதியைப் பற்றித்தான்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். ஆலயத்தில் தனித்தனியாக உட்காருவது, திருவிருந்தில் யார் முதலில் என்பது எல்லாம் அதில் அடக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் வேளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்துப் போய்ப் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். பிறகு ஜெர்மனியிலிருந்து லைப்சிக் மிஷன் வந்தபோது அவர்களில் கணிசமானோர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். காரணம், லைப்சிக் மிஷன் சாதி விஷயத்தில் மென்மையாக இருந்தது. அதன் இயக்குநர் கார்ல் கிரௌல் (திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர்) சாதியை ஒரு சமூக ஏற்பாடாகப் பார்த்தார். வற்புறுத்த வேண்டாம், சுவிசேஷம் உள்ளே போனால் அதுவே மெல்ல உதிரும் என்பது அவர் வாதம்.

அதே மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ் என்பவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 1859-ல் பிரிந்தார். கடலூர்ப் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற பெயரில் புதிதாகத் தொடங்கினார். 1860-களில் டேனிஷ் மிஷனரி சங்கம் அவருக்குக் கை கொடுத்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆற்காடு லுத்தரன் திருச்சபை. திருவண்ணாமலையின் டேனிஷ் மிஷன் இந்த வழியில் வந்ததே.

இப்போது பைபிளுக்கு வருவோம். சிறையிலிருந்து பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதத்தின் முதல் அதிகாரத்தில் ஒரு ஜெபம் இருக்கிறது. அன்பு பெருக வேண்டும் என்று கேட்பதோடு அவர் நிற்பதில்லை. அறிவோடும், நுட்பமான உணர்வோடும் பெருக வேண்டும். எது மேலானது என்று சோதித்துப் பார்க்கத் தெரிய வேண்டும் என்கிறார். "சோதித்து" என்பதற்கு அவர் போடும் கிரேக்கச் சொல் நாணயத்தையும் உலோகத்தையும் பரிசோதிப்பதற்குப் புழங்கியது. நம்ம ஊர் ஆசாரி கையில் இருக்கும் உரைகல் மாதிரி. (பவுலுக்குக் கணக்கு பாஷை பிடிக்கும் போல. அதே கடிதத்தில் லாபம், நஷ்டம், வரவு, கொடுக்கல் வாங்கல் எல்லாம் வருகிறது.)

கிரௌலிடம் அன்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தமிழையும் தமிழரையும் நேசித்த மனிதர். ஆனால் அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தது யார் என்று பார்க்க வேண்டும். மேல்சாதிக்காரர் மனம் நோகக்கூடாது என்று காத்திருந்த ஒவ்வொரு வருடமும் கடைசி வரிசையில் இருந்தவர் கடைசி வரிசையிலேயே இருந்தார். உரைகல்லில் தேய்க்காத அன்பு பெரும்பாலும் பலமுள்ளவன் பக்கமே சாய்கிறது. அதற்காக வில்சனின் வழி மட்டும் சரி என்றும் ஆகாது. ஒரே சுற்றறிக்கையில் எல்லாம் மாறும் என்று அவர் நம்பினார். ஆட்கள் மாறவில்லை, சபையை மாற்றிக்கொண்டார்கள்.

சரி, பழங்கதை போகட்டும். 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் என்ன நடந்தது? தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். கலவரம் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். எந்தச் சபையின் கல்யாணப் பேச்சை எடுத்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் கிறிஸ்தவ மணமகன் தேவை விளம்பரங்களைப் பார்த்தாலும் சரி, சபைப் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் உட்கார்ந்திருக்கும். இதில் லுத்தரன், கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. என்ற வித்தியாசம் கிடையாது.

இன்னொன்று. 1950 ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி தகுதி கிடையாது. சீக்கியர்களை 1956-லும் பௌத்தர்களை 1990-லும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. அதனால் ஆகஸ்ட் 10-ஐத் திருச்சபைகள் கறுப்பு நாளாக அனுசரிக்கின்றன. நியாயமான கோரிக்கை. மதம் மாறியும் தீண்டாமை விடவில்லை என்பதுதான் அதன் அடிப்படை வாதம். அரசாங்கத்திடம் அதை எழுத்தில் கொடுக்கிறார்கள். ஞாயிறு பிரசங்கத்தில் மட்டும் "கிறிஸ்துவுக்குள் நாம் எல்லோரும் ஒன்று" என்று முடித்துவிடுகிறார்கள். வரி ஆபீஸுக்கு ஒரு நோட்டு, வீட்டுக்கு ஒரு நோட்டு என்று இரண்டு கணக்கு வைக்கிற வியாபாரியை நாம் என்ன சொல்வோம்?

சபை வளர ஜெபியுங்கள் என்றால் புதுக் கட்டடம், ஆள் எண்ணிக்கை, மைக் செட் என்றுதான் ஜெபக் குறிப்பு போகிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பவுல் அதே கடிதத்தின் கடைசி அதிகாரத்தில் என்ன செய்கிறார் பாருங்கள். எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களுக்குள் மனஸ்தாபம். சபை முழுக்க வாசிக்கப்போகும் கடிதத்தில் இருவர் பெயரையும் வெளிப்படையாக எழுதிச் சமாதானம் சொல்கிறார். "சிலருக்குள்ளே சில வேற்றுமைகள்" என்று அவர் பூசி மெழுகவில்லை.

திருவண்ணாமலைச் சபைக்கு இது இன்னும் பொருந்தும், அது பிறந்த கதை அப்படி. ஊர்ச் சபைக்காரர் காலனிச் சபையில் பெண் எடுத்தாரா, கமிட்டித் தேர்தலில் ஓட்டு எந்த அடிப்படையில் விழுந்தது என்று பெயர் சொல்லி ஜெபிக்க முடியுமா? முடியாது என்றால் ஒரு சின்னக் காரியமாவது செய்யலாம். ஆகஸ்ட் 10 அன்று அரசாங்கத்துக்குக் கொடுக்கிற அதே மனுவை, அடுத்த ஞாயிறு ஆராதனையில், அறிவிப்புகள் வாசிக்கிற நேரத்தில், ஒரு வரி விடாமல் வாசிக்கலாம்.