கால்வாயைக் கொன்றது யார்?



ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் சென்னை மூழ்குகிறது. மூழ்கியவுடன் ஒரு குற்றவாளி தேவைப்படுகிறான். உடனே விரல்கள் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருக்கும் கூலித் தொழிலாளியை நோக்கி நீளுகின்றன. 'ஆக்கிரமிப்பாளன்' என்று பெயர் சூட்டி, பொக்லைனை அனுப்பி விடுகிறார்கள். நாமும் பத்திரிகையில் படித்து விட்டு, 'இவர்களால்தானே வெள்ளம் வந்தது' என்று தலையாட்டி விட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம்.

கொஞ்சம் நில்லுங்கள். இந்தக் கால்வாயின் கதை உங்களுக்குத் தெரியுமா?

1806ல் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டி, படகுகளிடம் சுங்கம் வசூலித்தான். அன்று அது காக்ரேன் கால்வாய். லாபம் இருப்பதைக் கண்ட அரசாங்கம் பின்னர் தன் கைக்கு எடுத்துக் கொண்டது. அது வடக்கே பழவேற்காடு ஏரியைத் தாண்டி ஆந்திரக் கரையோரம் நீண்டது. தெற்கே மரக்காணம் வரை இறங்கியது. மொத்தம் சுமார் 420 கிலோமீட்டர். அதில் 163 கிலோமீட்டர் தமிழகத்தில்.

நகரத்தின் நடுவே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர்த் துண்டை வெட்டியவர்கள் யார் தெரியுமா? தாது வருஷப் பஞ்சத்தில் ஊரை விட்டு ஓடி வந்த பட்டினிக் கூட்டம்! 1877ல் சென்னை மாகாணத்து நிவாரண வேலைகளில், ஓர் ஆண் நாள் முழுவதும் மண் சுமந்தால் சில காலம் கிடைத்தது ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். அதாவது அரைக் கிலோ கூட இல்லை. இப்படி வெட்டப்பட்ட கால்வாய்க்கு 1878ல் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைத்தார்கள். வெட்டியவனின் பெயரை எவன் வைப்பான்?

வியாபாரம் செய்யும் சகோதரர்களே, இது உங்கள் கதையும்தான். ரயிலும் லாரியும் பெருகுவதற்கு முன் இந்த நகரத்தின் அடுப்பு எரிந்ததே இந்தக் கால்வாயால்தான். ஸ்ரீஹரிகோட்டா காட்டு விறகு இதன் வழியே வந்தது. உப்பு வந்தது. நெல், மீன், சுண்ணாம்புச் சிப்பி எல்லாம் வந்தன. கழி ஊன்றியும், கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுத்தும் ஆட்கள் படகுகளைக் கொண்டு வந்தார்கள். பேசின் பிரிட்ஜ் என்கிறோமே, அந்த 'பேசின்' படகுகள் ஒதுங்கி நின்ற நீர்த்துறை. பெரியமேட்டுக்குப் பக்கத்தில் சால்ட் கொட்டார்ஸ் என்கிறார்களே, அது நம் 'கொட்டாரம்'தான். உப்பு மூட்டைகளை அடுக்கிய கிடங்கு. வெள்ளைக்காரன் வாயில் நுழைந்து திரும்பி வந்ததில் நமக்கே அடையாளம் தெரியாமல் போயிற்று!

கிடங்கும் தொட்டியும் கரையில் எழுந்ததற்குக் காரணம் கால்வாய் ஒரு பாதையாக இருந்ததே. பாதையாக இருந்த வரை அதைத் தூர் வாரினார்கள், மதகுகளைப் பழுது பார்த்தார்கள். 1899ல் கூடூர் ரயில் பாதை வந்தது. சரக்கு மெல்ல அங்கே போயிற்று. 1965லும் 1966லும் அடித்த புயல்கள் கரையை உடைத்து மணலை நிரப்பின. அதன் பிறகு சரி செய்ய ஆளில்லை. அந்த வேளையில்தான் வடக்கே மணலியும் எண்ணூரும் தலையெடுத்தன. 1969ல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அடுத்து உர ஆலை, 1970ல் அனல் மின் நிலையம். பழைய கிடங்குகள் கால்வாயை வாசலாக வைத்திருந்தன. புதிய ஆலைகள் அதைக் கொல்லைப்புறமாக்கின. சரக்கு வந்த வழியில் கழிவு போகத் தொடங்கியது.

விளைவு என்ன? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கிளம்பி, இந்தக் கால்வாய் வழியாகவே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. வலையும் படகும் கரி பிடித்தன. பாதிக்கப்பட்ட மீனவர்களே எண்ணெயை அள்ளினார்கள். அந்தக் கரையில் குடிசை போட்டவனா எண்ணெய் ஆலை நடத்தினான்?

நகரத்தின் நடுப் பகுதிக்கு வாருங்கள். நிலம் கையகப்படுத்தும் செலவு குறையும் என்று பறக்கும் ரயிலைக் கால்வாய் ஓரமாகவே கொண்டு போனார்கள். திருவல்லிக்கேணியிலிருந்து மயிலாப்பூர் வரை நீர் ஓட வேண்டிய இடத்தில் தூண்கள் நிற்கின்றன. மேலே நிலையங்கள் உட்கார்ந்திருக்கின்றன. 1995ல் சேப்பாக்கம் வரை, 1997ல் மயிலாப்பூர் வரை, 2007ல் வேளச்சேரி வரை என்று விழா எடுத்துத் திறந்தார்கள். ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏழை எளியவர்கள் அதில்தான் போகிறார்கள். ஆனால் சர்க்கார் தூண் நட்டால் வளர்ச்சித் திட்டம், அன்றாடங்காய்ச்சி ஓலை போட்டால் ஆக்கிரமிப்பு! இது எந்த ஊர் நியாயம்?

இடிபட்ட குடும்பங்களில் பலரைக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டு போய்க் குவித்தார்கள். இதில் நம்மவர் எத்தனை, பிறர் எத்தனை என்று கணக்குப் பார்க்க வேண்டாம். பொக்லைனுக்குச் சாதி மதம் தெரியாது. ஆனால் இதைக் கவனியுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாக வடிந்து சேர்வது இதே பக்கிங்காம் கால்வாயில். கண்ணகி நகர் இருப்பது அந்த மடுவுக்குப் பக்கத்தில்! வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அப்புறப்படுத்தியவர்களை வெள்ளம் வடியும் வாயில் குடியேற்றியிருக்கிறார்கள். அந்தச் சாலையில் வயலும் சவுக்குத் தோப்பும் இருந்த இடங்களில் எழுந்த கண்ணாடி மாளிகைகளை நோக்கி எந்த விரலும் நீளவில்லை.

நம் பக்கமும் ஒன்று இருக்கிறது. சொன்னால் சிலருக்குக் கசக்கும். கடைக் குப்பையையும் கட்டட இடிபாட்டையும் இரவோடு இரவாக வண்டியில் ஏற்றிக் கால்வாயில் தள்ளி விட்டு, காலையில் சங்கக் கூட்டத்தில் மாநகராட்சியைத் திட்டுகிறவர்கள் நம்மிலும் உண்டு. அவர்களுக்கு அரசாங்கத்தைக் கேள்வி கேட்க வாய் ஏது?

இளைஞர்களே! தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005லேயே வந்து விட்டது. ஒரு மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்தான். உங்கள் பகுதியில் கால்வாயின் வருவாய்த் துறை ஆவணப்படியான அகலம் என்ன, இன்றைய அகலம் என்ன, குறைந்த இடத்தில் நிற்பவை யாருடைய கட்டடங்கள், எந்தெந்த ஆலைக்குக் கழிவு நீர் வெளியேற்ற அனுமதி இருக்கிறது என்று நீர்வளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பதிலின் நகல் ஒவ்வொரு கரையோரக் குடியிருப்பிலும் இருக்கட்டும். அடுத்த முறை அளவு நாடாவோடு அதிகாரிகள் வரும்போது, அளப்பதை முதலில் தூண்களிலிருந்து தொடங்கச் சொல்லலாம்.