பதினெட்டு வயதானவருக்கு ஒரு கையெழுத்துப் போடுங்கள்



நாங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் தறி நெய்கிறவர்கள், ஆசிரியர்கள், கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள். எந்தக் கட்சிக்காகவும் இதை எழுதவில்லை. நம் ஊரில் 18 வயது தாண்டியும் வாக்காளர் பட்டியலில் பேர் ஏறாத பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு அக்கறை கிடையாது" என்று பெரியவர்கள் நாம் சொல்லிவிடுகிறோம். அது நியாயமில்லை. பிள்ளைகள் செல்போனிலேயே பேர் சேர்க்கும் படிவம் 6-ஐத் திறந்து, பேர், பிறந்த தேதி, போட்டோ எல்லாம் ஏற்றிவிடுகிறார்கள். முகவரிச் சான்று கேட்கும் இடத்தில் வந்து நிற்கிறார்கள். அந்தச் சான்றைக் கொடுக்க வேண்டியவர்கள் பெரும்பாலும் நாம்தான்.

ஒரு நெசவுக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கோர்வைத் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். அப்பா நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளிக் கொடுப்பது கல்லூரி விட்டு வந்த மகனோ மகளோதான். வீடு வாடகை. அட்வான்ஸ் கைமாறியது, வாய்ப்பேச்சில் முடிந்தது, எழுத்தில் ஒன்றும் இல்லை. மின் இணைப்பு வீட்டுக்காரர் பேரில். ஆதாரில் இருப்பதோ இரண்டு வீடு முந்தைய முகவரி. படிவம் கேட்பது பதிவு செய்த வாடகை ஒப்பந்தம். ஒண்டுக் குடித்தனத்தில் யார் அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்?

வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டால், "நாளைக்கு நீங்க வீட்டையே உரிமை கொண்டாடினா?" என்று பயப்படுகிறார். அந்தப் பயம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை. வாக்காளர் பட்டியலில் ஒரு முகவரி இருப்பதால் அந்த வீட்டின் மேல் யாருக்கும் எந்த உரிமையும் வந்துவிடாது. அந்த முகவரியில் வழக்கமாகக் குடியிருக்கிறாரா என்பது மட்டுமே 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் கேள்வி. வாக்குச்சாவடி நிலை அலுவலர் விசாரிக்க வரும்போது, "ஆமாம், இவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வாடகை ரசீதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்.

நம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி நாம் எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921-இல் வெட்டியது. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் பேர் எழுதப்பட 35 வயது நிரம்ப வேண்டும், வரி கட்டும் நிலம் கால் வேலியாவது வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும் என்று அதே கல்வெட்டு சொல்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்து அந்த நிபந்தனைகளைச் சட்டம் நீக்கிவிட்டது. சொந்த வீடு இல்லாத பிள்ளையை நாம் இன்னமும் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

வயது நிபந்தனையோ மெதுவாகத்தான் இறங்கியது. அண்ணா பிறந்த ஊர் இது. 1967 தேர்தலில் அவர் கட்சிக்காக வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்ட கல்லூரி மாணவர்களில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு வாக்கே கிடையாது. வாக்குரிமை வயது 18 என்று ஆனது 1989 மார்ச் 28 முதல்தான்.

வாடகை வீடுகளை விட விடுதிகளின் நிலை இன்னும் மோசம். வெளியூரில் இருந்து இங்கே வந்து படிக்கும் மாணவர் விடுதி முகவரியிலேயே பேர் சேர்க்கலாம், அல்லது சொந்த ஊரில் வைத்துக்கொள்ளலாம். தேர்தல் ஆணையமே இந்த வசதியைக் கொடுத்திருக்கிறது. கல்லூரி முதல்வரிடமிருந்து ஒரு போனஃபைடு சான்றிதழ் போதும். அதைக் கேட்டுப் போகிற பிள்ளையை மூன்று மேசைக்கு அலைய விடாதீர்கள் என்று கல்லூரி நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறோம். சேர்க்கை நாளிலேயே சான்றிதழை அடித்துக் கையில் கொடுத்துவிட முடியாதா?

ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறந்தார்கள். ஒரு பெரிய கிராமத்தை விட அதிகமான பேர், பெரும்பாலும் இளம்பெண்கள். இவர்களைப் போல வெளி மாவட்டங்களிலிருந்து வந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் ஷிப்டு பார்ப்பவர்கள் ஏராளம். ஊரில் பேர் இருந்தாலும் வாக்களிக்கப் போய்வர ஒரு நாள் சம்பளமும் பஸ் கட்டணமும் ஆகும். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. தினக்கூலிக்காரருக்கும் அது உண்டு. மீறினால் அபராதம் 500 ரூபாய் வரைதான். அந்தத் தொகையைப் பார்த்து எந்த ஆலையும் பயப்படப் போவதில்லை. அதனால்தான் மேலாளர்களிடமும் ஒப்பந்தக்காரர்களிடமும் மனிதர்களாகக் கேட்கிறோம். தறி முதலாளிகளையும் கேட்கிறோம்: அன்றைக்கு முகூர்த்தச் சேலை அவசரம் என்று யாரையும் தறியில் உட்கார வைக்காதீர்கள்.

வீடு மாறுகிறவர்கள் பட்டியலிலிருந்து எவ்வளவு சுலபமாக உதிர்ந்துபோகிறார்கள் என்பதைச் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது பார்த்தோம். 2025 டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் சுமார் 97 லட்சம் பேர் இல்லை. அவர்களில் 66 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இடம் மாறியவர்கள், முகவரியில் காணப்படாதவர்கள் என்ற கணக்கில் போனவர்கள். பகலில் அலுவலர் வந்து கதவைத் தட்டும்போது முதல் ஷிப்டுக்குப் போன பெண் வீட்டில் இருக்கமாட்டாள். அவளுக்காகப் பக்கத்து வீட்டார் பேச வேண்டும்.

நம் மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2021 அக்டோபரில், மாநகராட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில். அன்று 13, 14 வயதில் இருந்த பிள்ளைகளும் அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் வாக்குப் போடப் போகிறவர்கள். உள்ளாட்சிக்கான பட்டியலும் சட்டமன்றப் பட்டியலை வைத்தே தயாராகிறது.

தம்பிகளே, தங்கைகளே, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஜனவரி 1 ஒன்றுதான் தகுதி நாள் என்ற காலம் போய்விட்டது. ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் இப்போது தகுதி நாட்களே. 17 வயது முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். வீடு மாறினாலும், கல்யாணமாகி வேறு ஊர் போனாலும் படிவம் 8 கொடுத்துப் பேரை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் வைத்திருக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அடையாள அட்டை பர்ஸில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அட்டை இருந்தும் பட்டியலில் பேர் இல்லாவிட்டால் வாக்குச்சாவடியிலிருந்து திரும்பி வரத்தான் வேண்டும். பட்டியலில் பேர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அப்படியே அப்பா அம்மா பேரையும் பார்த்துவிடுங்கள்.