பிள்ளைகளின் பொய்ச் சபையும் பெரியவர்களின் மெய்ச் சபையும்

ராஜபாளையத்தில் பஞ்சாலை வேலை செய்யும் தோழர் ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் ஒரு சங்கதி கேட்டார். அவர் மகள் படிக்கும் இடத்தில் "மாடல் யு.என்." என்பதாக ஒரு மகாநாட்டுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்களாம். அதிலும் "க்ரைசிஸ் கமிட்டி" என்பதில் 1962-ஆம் வருஷத்து சோவியத் ரஷ்யாவின் யுத்த மந்திரி ஸ்தானம் அவளுக்கு வந்திருக்கிறதாம். "இது படிப்பா, கூத்தா? பணம் கட்டி அனுப்பலாமா?" என்பது அவர் கேள்வி. ஸ்ரீவில்லிபுத்தூர் முதலிய இடத்துத் தோழர்களுக்கும் இந்தச் சந்தேகம் இருக்கக்கூடுமாதலால் நமது அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகவே சொல்லி விடுகின்றோம்.

முதலில் அது இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு தேசத்தின் பிரதிநிதியாகவோ மந்திரியாகவோ உட்காருவார்கள். திடீரென்று ஒரு சீட்டு வரும். "எல்லையில் படை நகர்ந்துவிட்டது", "கப்பலை மறித்துவிட்டார்கள்" என்று அதில் எழுதியிருக்கும். உடனே கூடிப் பேசி என்ன செய்வதென்று உத்தரவு எழுதிக் கொடுக்க வேண்டும். பக்கத்து அறையில் இருக்கும் நடத்துகிறவர்கள், அந்த உத்தரவினால் என்ன விளைந்தது என்று அடுத்த சீட்டு அனுப்புவார்கள். இவ்வளவுதான் விஷயம்.

இதில் நமக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. அந்தச் சபையில் கடவுளுக்கு ஆசனம் கிடையாது. அசரீரி வராது, அவதாரம் எடுத்து எவரும் இறங்கி வரமாட்டார். சாந்தி ஹோமம் செய்கிறோம் என்று உத்தரவு எழுதினால் சிரிப்பார்கள். காரணம் என்ன, காரியம் என்ன, யாருக்கு என்ன லாபம், யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். உண்மையான 1962-லும் உலகம் தப்பித்தது இப்படித்தான். கியூபாத் தீவில் ரஷ்யா ஏவுகணைகளை வைத்தது. அக்டோபரில் அமெரிக்கா கடலை மறித்தது. பதின்மூன்று நாள் உலகமே நடுங்கிற்று. 27-ந் தேதி ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றில் அணு டார்பிடோவை விடலாம் என்ற யோசனை எழுந்தபோது அதற்கு இணங்காதவர் வாசிலி ஆர்கிப்போவ் என்ற ஒரு அதிகாரி. கடைசியில் கென்னடி, துருக்கியிலிருந்து தமது ஏவுகணைகளை எடுத்து விடுவதாக இரகசியமாக வாக்களித்தார். குருஷேவ் கியூபாவிலிருந்து தம்முடையதை எடுத்தார். எந்தத் தெய்வத்தின் கிருபையும் அங்கே வேலை செய்யவில்லை. பயமும் புத்தியும் உள்ள மனிதர்கள்தான் வேலை செய்தார்கள்.

"எல்லாம் சரி, பொய்ச் சபைதானே? என்ன பிரயோஜனம்?" என்று கேட்கலாம். தோழர்களே! 1929-ல் செங்கற்பட்டிலும், 1930-ல் ஈரோட்டிலும், நமது ஜில்லாவிலேயே 1931-ல் விருதுநகரிலும் சுயமரியாதை மகாநாடுகள் கூடினபோது அவற்றுக்கு எந்தச் சட்ட அதிகாரம் இருந்தது? செங்கற்பட்டில் பெண்ணுக்கும் ஆணுக்குச் சமமாகச் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்தோம். அந்த உரிமை தமிழ்நாட்டில் சட்டமானது 1989-ல். இந்தியா முழுமைக்கும் 2005-ல். அதிகாரம் இல்லாத சபையில் பழகினவர்கள்தான் பிற்பாடு அதிகாரமுள்ள சபையில் நாக்குழறாமல் பேசினார்கள். 1945 ஜூன் 26-ந் தேதி சான்பிரான்சிஸ்கோ நகரில் அய்க்கிய நாட்டுச் சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர் ஜஸ்டிஸ் கட்சியில் வளர்ந்த ஏ. ராமசாமி முதலியார் அல்லவா? மேடையிலும் பத்திரிகையிலும் சட்டசபையிலும் பழகிய பழக்கமன்றி, வேறு எந்த வரம் அவருக்கு இருந்தது? ஆகவே விளையாட்டு என்று தள்ளுவதை நாம் ஒப்புக்கொள்ளோம்.

நிற்க, குற்றங்களும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் இழுக்கிறபோது வடம் பிடிக்க ஊரெல்லாம் வேண்டும்; கருவறைப் பக்கம் போகிறபோது மட்டும் "மரபு" என்ற ஒன்று குறுக்கே வந்து நிற்கும். அய்க்கிய நாட்டுச் சபையும் அப்படித்தான். 193 தேசங்கள் வடம் பிடிக்கின்றன. அய்ந்து தேசங்கள் மாத்திரம் உள்ளே நின்றுகொண்டு, பாதுகாப்புச் சபையின் மற்றப் பேர்கள் அத்தனை பேரும் கை தூக்கினாலும் "வேண்டாம்" என்ற ஒரு சொல்லால் தீர்மானத்தைக் கொன்றுவிடலாம். இந்த அநியாயத்தைப் பிள்ளைகள் பிசகில்லாமல் நடித்துக் காட்டினால் போதாது. இது ஏன் இப்படி இருக்கவேண்டும் என்று கேட்கவும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கேட்காவிட்டால் அதுவும் ஒரு புராண நாடகமே.

இரண்டாவது, சீட்டில் "பதினாயிரம் பேர் மாண்டார்கள்" என்று வந்தால் கை தட்டிச் சிரிக்கிற பிள்ளைகளும் இருக்கக்கூடும். ராஜபாளையத்துக்குப் பக்கத்திலே சத்திரப்பட்டித் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணி எதைக் கட்டுவதற்கு என்று அறிந்த ஊர்ப் பிள்ளை அப்படிச் சிரிக்கலாமா?

மூன்றாவதுதான் பெரிது. கோட்டும் டையும் இங்கிலீஷும் கட்டணமும் இருந்தால்தான் ஆளப் பழகலாம் என்றால், கூலிக்காரன் பிள்ளை எங்கே பழகுவது? முன்பு வேதத்தை மறைத்து வைத்தார்கள். இப்போது சபை நடத்தும் வித்தையைக் கட்டணத்திற்குள் மறைக்கலாமா?

ஆகவே அந்தத் தோழருக்கு நாம் சொன்னது, "மகளைத் தாராளமாக அனுப்புங்கள்" என்பதே. அதோடு நில்லாமல், ஒவ்வொரு ஊர்ப் படிப்பகத்திலும் தமிழிலேயே, காசில்லாமல், இதை நடத்த வேண்டும். கியூபா மாத்திரம் போதாது. டீக்கடையில் இரண்டு விதத் தம்ளர் என்று ஒரு சீட்டு வரட்டும். சேரிப் பிணத்துக்குத் தெருவில் வழியில்லை என்று இன்னொரு சீட்டு வரட்டும். தாசில்தார் அழைக்கும் அமைதிக் கூட்டத்தில் அடிபட்டவனையே "விட்டுக்கொடு" என்று சொல்லுவது எப்படி நடக்கிறது என்று பிள்ளைகள் பார்க்கட்டும். ஸ்தானங்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுங்கள். ஊர்த் தெருப் பையன் சேரிக்காகப் பேசட்டும். சேரிப் பெண் தாசில்தாராக உட்காரட்டும்.

பிறவியால் வந்த ஆசனத்தைவிடக் குலுக்கலில் வந்த ஆசனம் எவ்வளவோ யோக்கியமானது. அதில் ஒரு நாள் உட்கார்ந்து பழகிய பெண், மறுநாள் எவன் வீட்டுத் திண்ணைக்குக் கீழும் கைகட்டி நிற்கமாட்டாள்.