விசாரிக்காமல் கணக்கை மூடாதீங்க

1832-ல் அர்ஜென்டினாவில் டார்வின் பிடித்த ஒரு ரோவ் வண்டு, புது இனம் என்று பெயர் பெற்றது 2014-ல்தான். 182 வருஷம்! இந்தக் குடும்பத்தில் பெயர் வைத்தவையே 60,000-க்கு மேல்.

நம்ம நெல் வயலிலும் ஒன்று உண்டு. ஆரஞ்சு உடம்பு, கறுப்புத் தலை. எறும்பு மாதிரி ஓடும். புகையானைத் தின்னும் நண்பன். மேலே ஊர்ந்தால் நசுக்காதீங்க, கொப்புளம் வரும், ஊதிவிடுங்க.

எங்க இரும்புலியூர்ப் பக்கம் வயல்கள் மனையாகிவிட்டன. அங்கே என்னென்ன பூச்சி இருந்தது என்று சொல்ல ஆளில்லை.

வங்கியில் விசாரிக்காமல் எந்தக் கணக்கையும் நான் மூடியதில்லை. வயலில் மட்டும் யாரென்றே தெரியாத உயிரின் கணக்கை முடிக்கலாமா? ரசாயனம் மட்டுமில்லை, நம்ம மூலிகைப் பூச்சிவிரட்டிக்கும் இது பொருந்தும். தெளிப்பானைத் தூக்கும் முன் வரப்பில் உட்கார்ந்து பாருங்க. தின்பது யார், காப்பது யார் என்று.