புலனாய்வாளர் கணக்குக் காட்டுவது எவருக்கு?

நாட்டுக்குள் விளையும் பயங்கரவாத ஆபத்தை முன்னறிந்து கூறுவதற்கென்றே மக்கள் வரிப்பணத்தில் ஊதியம் பெறும் திணைக்களங்கள் பல உள. அவை அறிந்ததை எவரிடம் கூறுகின்றன? மக்கள் தெரிந்தனுப்பிய பாராளுமன்றத்திடமா, அன்றி மேலிடத்தில் அமர்ந்திருக்கும் ஒரு சிலரிடமா?

2019 ஏப்ரில் 4ஆம் நாள் இந்தியாவிலிருந்து வந்த எச்சரிக்கை அரச புலனாய்வுச் சேவைத் தலைவரின் கைக்கு எட்டியது. 9ஆம் நாள் அது பொலிஸ் மா அதிபருக்குக் கடிதமாய்ச் சென்றது. 11ஆம் நாள் பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவர் அதனைப் பிரமுகர்களுக்குக் காவல் நிற்கும் பிரிவுகளுக்கு அறிவித்தார். அமைச்சரைக் காப்பவனுக்குத் தெரிந்த செய்தி, கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் உயிர்ப்பு ஞாயிறு வழிபாட்டுக்குக் கூடிய ஏழைக்குத் தெரியவில்லை. 21ஆம் நாள் ஆலயங்களிலும் விடுதிகளிலும் மாண்டோர் 250க்கும் மேற்பட்டோர்.

பின்னர்தான் பாராளுமன்றம் தெரிவுக்குழு அமைத்தது. அதன்முன் சாட்சியமளித்த தேசிய புலனாய்வுத் தலைவர் சில நாள்களுக்குள் பதவி நீக்கப்பட்டார். அதிகாரிகள் எவரையும் இனி அனுப்பேன் என்று அன்றைய ஜனாதிபதி சிறிசேன சீறினார். இத்தனைக்கும், 2018 ஒக்டோபருக்குப் பின் தேசிய பாதுகாப்புச் சபைக்குத் தாம் அழைக்கப்படவேயில்லை என்று பிரதமரே அக்குழுவிடம் கூறினார்! பிரதமருக்கே அடைத்த கதவு பின்வரிசை அங்கத்தவருக்கா திறக்கப்போகிறது? 2023 சனவரியில் உயர் நீதிமன்றம் சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்த்தது. தீர்ப்பு நன்று. ஆயினும் நீதிமன்றம் பிணங்கள் விழுந்த பின்னரே பேச வல்லது.

மறைப்பது ஒரு தீங்கென்றால் மிகைப்படுத்துவது மற்றொன்று. தமிழ் மக்கள் இதனை நன்கறிவர். 2005 முதல் 2011 வரை மாதந்தோறும் அவசரகாலச் சட்டத்தை நீடிக்கப் பாராளுமன்றத்தில் விவாதம் நடைபெற்றது. மாதந்தோறும் ஆபத்து விவரிக்கப்பட்டது. மாதந்தோறும் கைகள் உயர்ந்தன. தமிழ்நாட்டில் புலிகளின் பயிற்சி முகாம்கள் மூன்று உள்ளனவென்று 2011 மார்ச்சில் பிரதமர் ஜயரத்ன சபையிற் கூறினார். இந்தியா மறுத்ததும் கூற்றை மீளப்பெற்றார். அச்செய்தியின் மூலத்தை ஆராயச் சபைக்கு வழியேதும் இருந்ததா?

1979இல் மூன்றாண்டுக்கென இயற்றி 1982இல் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டம், எத்தனை பேர் தடுத்துவைக்கப்பட்டனர், எத்தனை பேர்மீது வழக்கிடப்பட்டது, எத்தனை பேர் குற்றமற்றோராய் விடுவிக்கப்பட்டனர் என்று ஆண்டுதோறும் பாராளுமன்றத்துக்கு அறிக்கையிடும் கடமையை எவர்மீதும் சுமத்தவில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் 2019 டிசெம்பரில் அத்தகைய கடமையைச் சட்டமாக்கியது. உள்நாட்டுப் பயங்கரவாதம் பற்றி எவ்.பி.ஐ.யும் தாயகப் பாதுகாப்புத் திணைக்களமும் 180 நாள்களுள் அறிக்கை தரவேண்டும். முதலறிக்கை 2021 மே மாதமே வந்தது. தவணை தப்பித்தான் வந்தது. ஆயினும் தவணை சட்டத்தில் எழுதப்பட்டிருந்தமையாற்றான் தப்பியதென்று கேட்க முடிந்தது.

இரகசியம் போய்விடும் என்பர் அதிகாரிகள். உளவாளியின் பெயரை எவர் கேட்டார்? தொகையைக் கேட்கிறோம், கிடைத்த எச்சரிக்கை மீது எடுத்த நடவடிக்கையைக் கேட்கிறோம். மறைவாய்க் கூறவேண்டியதைச் சகல கட்சியினரும் அமர்ந்த குழுவின் மூடிய அறையிற் கூறட்டும். எஞ்சியது, பாதுகாப்பு அமைச்சுக்குப் பணம் கோரும் வரவுசெலவு விவாதத்துக்கு முன்னரே சபையின் மேசைக்கு வரவேண்டும். இதனைத் தனி அங்கத்தவர் மசோதாவாகக் கொணர எந்த உறுப்பினருக்கும் உரிமையுண்டு. நம் பிரதிநிதிகள் அதனை எழுதத் தொடங்கலாம்.