கணிப்புகளுக்கு வெளியே ஒரு தீவு

ஒருநாள் கிரிக்கெட் உலகக் கோப்பை நெருங்கும்போதெல்லாம் நாடே கணிப்பாளர்களின் கூடமாகிவிடுவது நமக்குப் பழகிப்போன காட்சி. எந்த அணியின் தொடக்க ஆட்டக்காரர்கள் வலுவானவர்கள், எந்த ஆடுகளம் சுழற்பந்துக்குக் கைகொடுக்கும், இந்தியாவுக்கு அரையிறுதி உறுதிதானா என்று தேநீர்க் கடை முதல் நாடாளுமன்ற மைய மண்டபம் வரை விவாதம் நடக்கும். தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா ஆகிய மூன்று நாடுகளில் 2027-இல் நடத்தத் திட்டமிடப்பட்டுள்ள போட்டியும் இதற்கு விலக்காக இருக்கப் போவதில்லை.

இந்த ஆரவாரம் வங்கக் கடலுக்கு அப்பால் உள்ள கார் நிக்கோபாரையும் எட்டத்தான் செய்கிறது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்), கார் நிக்கோபார் உள்ளிட்ட பிற தீவுகளுக்கும் கடலுக்கடியில் போடப்பட்ட தகவல்தொடர்பு வடம் 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பயன்பாட்டுக்கு வந்தது. ஆட்டத்தை அத்தீவுக்குக் கொண்டுசேர்க்க வழி கண்டாயிற்று. ஆனால், அங்கே பிறந்த ஒரு சிறுவனோ சிறுமியோ தனது பிரதேசத்தின் அணியில் ஆடி, அதன் வழியே இந்திய அணியை எட்டுவதற்கு மட்டும் இன்னமும் வழி இல்லை.

இது ஏதோ ஒரு சிறு தீவின் மனக்குறை என்று ஒதுக்கிவிடக் கூடியதல்ல. உலகக் கோப்பையின் வரலாற்றைப் புரட்டினால், கணிப்புகளைப் பொய்யாக்கி அந்தப் போட்டிக்குப் பெருமை சேர்த்தவர்கள் யாருடைய கணக்கிலும் இல்லாதவர்களே என்பது விளங்கும்.

1975-இல் கிழக்கு ஆப்பிரிக்காவை மட்டுமே வென்ற அணி இந்தியா. 1979-இல் அப்போது டெஸ்ட் தகுதிகூடப் பெற்றிராத இலங்கையிடமும் தோற்று, ஆடிய மூன்று ஆட்டங்களையும் பறிகொடுத்துத் திரும்பியது. அதனால்தான் 1983-இல் லண்டன் பந்தயக்காரர்கள் இந்தியாவின் வெற்றி வாய்ப்பை 66-க்கு 1 என்று மதிப்பிட்டனர். ஒருநாள் ஆட்டத்தைப் பொருட்படுத்தாத இந்தியா போன்ற அணிகள் விலகிக்கொள்ளலாம் என்கிற தொனியில் எழுதிய ஆங்கிலேயப் பத்திரிகையாசிரியர் டேவிட் ஃபிரித், பிறகு தான் எழுதிய தாளையே மென்று விழுங்க நேர்ந்தது. லார்ட்ஸ் இறுதியாட்டத்தில் 183 ரன்களே எடுத்த கபில்தேவ் அணி, மேற்கிந்தியத் தீவுகளை 140 ரன்களுக்குச் சுருட்டியது. இரு அணிகளிலும் சேர்த்து அன்று அதிக ரன் எடுத்தவர் நமது ஸ்ரீகாந்த், எடுத்தது 38.

1996-இல் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பு செல்ல மறுத்தன. அதே இலங்கை, லாகூர் இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவை வென்று கோப்பையை ஏந்தியது. 2003-இல் கென்யா அரையிறுதி வரை வந்தது. 2023-இல் ஆப்கானிஸ்தான், நடப்புச் சாம்பியன் இங்கிலாந்தையும் பாகிஸ்தானையும் இலங்கையையும் வீழ்த்தியது. 2025 மகளிர் உலகக் கோப்பையில் தொடர்ந்து மூன்று லீக் ஆட்டங்களில் தோற்ற இந்தியாவைப் பலரும் கைகழுவிவிட்டனர். ஹர்மன்பிரீத் கௌர் அணியோ அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் 338 ரன்களைக் கடந்து, நவம்பர் 2-இல் நவி மும்பையில் கோப்பையையும் வென்றது.

இத்தனை வியப்புகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். இவர்கள் ஆடுவதற்கு வாசல் திறந்திருந்தது. அந்த வாசலையே குறுக்கும் வேலை 2007-க்குப் பிறகு நடந்தது. அவ்வாண்டு மார்ச் 17-ஆம் தேதி ஒரே நாளில் வங்கதேசத்திடம் இந்தியாவும், அயர்லாந்திடம் பாகிஸ்தானும் தோற்றன. இரண்டு பெரிய அணிகளும் முதல் சுற்றோடு வெளியேறின. ஒளிபரப்பு நிறுவனங்களும் விளம்பரதாரர்களும் கையைப் பிசைந்தனர். அன்று 16 ஆக இருந்த அணிகளின் எண்ணிக்கை, 2019-லும் 2023-லும் 10 ஆகச் சுருங்கியது. ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது ஒன்பது ஆட்டங்கள் என்ற ஏற்பாட்டால் பெரிய சந்தைகளுக்கு நட்டமில்லை. சின்ன நாடுகளுக்குத்தான் இடமில்லை. 2027-இல் எண்ணிக்கை மீண்டும் 14 ஆக உயர்வது வரவேற்கத்தக்கது. காலம் கடந்த திருத்தம் என்றாலும் திருத்தம் திருத்தமே.

உலக அரங்கில் நேர்ந்த இந்தத் தவறு நம் வீட்டுக்குள்ளும் நீடிக்கிறது. நீதிபதி லோதா குழுவின் பரிந்துரைகள், உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் ஆகியவற்றுக்குப் பிறகு, 2018-19 பருவத்தில் பிகார், உத்தரகண்ட், புதுச்சேரி, வடகிழக்கின் ஆறு மாநிலங்கள் என ஒன்பது புதிய அணிகள் ரஞ்சிக் கோப்பையில் இடம்பெற்றன. அடுத்த பருவத்தில் சண்டீகரும் சேர, அணிகளின் எண்ணிக்கை 38 ஆனது. அந்தமான் நிக்கோபாரின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. லட்சத்தீவும் இல்லை. கடல் கடந்த இந்தியா கிரிக்கெட் வாரியத்தின் வரைபடத்தில் விடுபட்டுப்போய்விட்டது.

மக்கள்தொகை குறைவு என்பது முதலில் சொல்லப்படும் காரணம். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரின் மக்கள்தொகை சுமார் 3.8 லட்சம், கார் நிக்கோபாரில் 18 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. ஏறத்தாழ மூன்றரை லட்சம் மக்களைக் கொண்ட ஐஸ்லாந்து 2018 உலகக் கோப்பைக் கால்பந்தில் அர்ஜென்டினாவைச் சமன் செய்தது. அதைவிடவும் சிறிய குராசோ தீவு, 2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் தகுதி பெற்றது. தலைகளை எண்ணித் திறமையை அளக்க முடியாது.

நிக்கோபார் மக்களின் ஈடுபாடு கால்பந்தில்தான். அவர்களிடம் கிரிக்கெட்டைத் திணிப்பானேன் என்ற வாதமும் எழலாம். கால்பந்து அவர்களின் பெருவிருப்பம் என்பது உண்மையே. புகழ்பெற்ற ஆங்கிலேயக் கால்பந்து வீரரின் பெயரைத் தாங்கிய டேவிட் பெக்காம் என்ற இளைஞர் கார் நிக்கோபாரிலிருந்து வந்தவர். ஆனால் அவர் இந்தியாவின் சீருடையை அணிந்தது சைக்கிள் பந்தயத்தில். நிக்கோபாரின் இன்னோர் இளைஞரான எசோ, 2018-இல் உலக இளையோர் சைக்கிள் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கமும், 2019-இல் குழுப் போட்டியில் தங்கமும் வென்றார். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டில் இருவரும் இந்திய அணியில் இருந்தனர்.

சைக்கிள் பந்தயம் நிக்கோபாரின் மரபு விளையாட்டு அல்ல. தீவு இளைஞர்களின் உடல்வலிமையைக் கண்டறிந்து, தில்லி இந்திரா காந்தி அரங்கின் ஓடுதளத்துக்கு அழைத்துவந்து பயிற்சி அளிக்க ஓர் அமைப்பு முன்வந்தது, பதக்கம் வந்தது. இந்திய விளையாட்டு ஆணையத்தால் முடிந்தது, ஐந்தாண்டு பிரீமியர் லீக் ஒளிபரப்பு உரிமையை மட்டும் 2022-இல் 48,390 கோடி ரூபாய்க்கு விற்ற கிரிக்கெட் வாரியத்தால் முடியாதா என்பதே கேள்வி.

தமிழர்களுக்கு இதில் எடுத்துக்காட்டு வெகு தொலைவில் இல்லை. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வீசிப் பழகிய நடராஜன், 2020 டிசம்பரில் கான்பெராவில் ஒருநாள் ஆட்டத்தில் இந்தியாவுக்காகப் பந்து வீசினார். அவரது உழைப்பு பெரிது. அந்த உழைப்பு ஏறிச் செல்லச் சென்னை லீக், மாநில அணி, தமிழ்நாடு பிரீமியர் லீக் எனப் படிகள் இருந்ததும் உண்மை. படியே இல்லாத ஊரில் எத்தனை நடராஜன்கள் இருந்தென்ன பயன்?

தீவு மக்களின் துயரத்தில் கிரிக்கெட் உலகம் ஒருமுறை பங்கெடுத்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கார் நிக்கோபாரின் கரையோரக் கிராமங்கள் அழிந்தன. அங்குள்ள விமானப் படைத் தளத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பதினைந்தாம் நாள், 2005 ஜனவரி 10-இல், ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட நாடுகளின் மக்களுக்காக உலக அணியும் ஆசிய அணியும் மெல்போர்னில் ஒருநாள் ஆட்டம் ஆடின. கோடிக்கணக்கில் நிதி திரண்டது. பேரிடரில் காட்டிய பரிவு போற்றத்தக்கதே. ஆனால் தீவுகளின் பிள்ளைகளுக்குத் தேவை வாய்ப்பு.

சட்டப்பேரவை இல்லாத அந்தமான் நிக்கோபாரை மத்திய உள்துறையின் பொறுப்பில் தில்லியே ஆள்கிறது. மக்களவையில் அதற்கு உள்ளது ஒரே ஓர் இடம். மாநில அரசு போராடிப் பெற்றுத் தரட்டும் என்று தட்டிக்கழிக்க இங்கே மாநில அரசும் கிடையாது. ஆகவே முதல் அடியை மத்திய விளையாட்டு அமைச்சகமும் கிரிக்கெட் வாரியமும்தான் எடுத்துவைக்க வேண்டும்.

உடனடியாக ரஞ்சி அணி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 16 வயது, 19 வயதுக்கு உட்பட்டோர் அணிகள், மகளிர் அணி ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். போர்ட் பிளேரிலும் கார் நிக்கோபாரிலும் விரிப்பு ஆடுகளங்கள் அமைத்து, நிரந்தரப் பயிற்சியாளர்களை நியமிக்கலாம். பெருநிலத்துக்கு வந்து ஆடுவதற்கான பயணச் செலவை வாரியம் ஏற்கலாம். கார் நிக்கோபார் பழங்குடியினர் காப்புப் பகுதி என்பதால், எதைச் செய்வதானாலும் அங்குள்ள பழங்குடி மன்றங்களின் ஒப்புதலோடு செய்ய வேண்டும். கால்பந்தே போதும் என்று அவர்கள் முடிவு செய்தால் அதற்கே உதவலாம். எந்த விளையாட்டு என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். வாய்ப்பை மறுக்கும் உரிமை வாரியத்துக்கு இல்லை.

ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று நிக்கோபாரைக் குறிப்பிடுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்க் கல்வெட்டில் இடம்பெற்ற தீவுக்கு, இந்தியக் கிரிக்கெட்டின் அணிப் பட்டியலில் இடமில்லை. அடுத்த உலகக் கோப்பையில் இந்தியாவின் வாய்ப்பு என்ன என்று கணிக்கும் நாம், அந்த இந்தியாவில் யாருக்கெல்லாம் வாய்ப்பு இருக்கிறது என்றும் கேட்டாக வேண்டும்.