குதிரை வண்டிக்காரர் கட்டிய மோட்டார் வீடு

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் இடங்களிலெல்லாம் அங்கத்தினர்கள் என்னிடம் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சங்கத்தால் எங்களுக்கு என்ன லாபம்?" என்பதே அது. கேள்வி நியாயமானதே. ஆயினும், அதற்கு முன்னதாக நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது என்பதை, 2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்க நாட்டின் இந்தியானா மாகாணத்தில் குடும்பத்துடன் செய்த ஒரு சிறு பிரயாணத்தின்போதுதான் நான் உணர்ந்தேன். அதனை இம்மாத ஏட்டின் வாசகர்களுக்கு எடுத்துரைப்பது என் கடமை எனக் கருதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். விடுப்பில் புறப்படுவதற்கு முன்தினம், என் சரகத்தைச் சேர்ந்த ஒரு நெசவாளர் சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்று பரிந்துரை செய்யும் அறிக்கையை எழுதி முடித்திருந்தேன். தொடர்ந்து பல ஆண்டுகள் பொதுச்சபை கூடவில்லை. கூடியதாகப் பதிவேடு கூறிய கூட்டங்களிலும் கையொப்பங்கள் இருந்தனவேயன்றி ஆட்கள் இருந்ததாகத் தெரியவில்லை. அங்கத்தினரில் பெரும்பாலோர் வெளி முதலாளியிடம் முன்பணம் பெற்று, அவர் கொடுத்த பாவையும் நூலையும் கொண்டே நெய்து வந்தனர். சட்டப்படி என் அறிக்கையில் குற்றம் இல்லை. ஆயினும் கையொப்பமிட மனம் வராமல் அதை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

சிகாகோ நகருக்கு அருகில் வசிக்கும் என் தமையனார், நாங்கள் சேர்ந்து பிரயாணம் செய்வதற்கென்று ஓர் 'ஆர்.வி.' வண்டியை வாடகைக்கு அமர்த்தியிருந்தார். அது வீடும் மோட்டாரும் ஒன்றாய் அமைந்த வாகனம். படுக்கைகள், சமையல் அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, குளியலறை யாவும் அதனுள்ளேயே உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போவது நம் வழக்கம். அவர்களோ வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். நூறு மைலுக்குச் சற்று அதிகமான தூரம் கட்டணச் சாலையில் கிழக்கு நோக்கிச் சென்று, எல்கார்ட், லக்ரேஞ்ச் என்னும் இரண்டு கவுண்டிகளின் கிராமப்புறத்தை அடைந்தோம்.

பெருஞ்சாலையை விட்டு இறங்கிய சிறிது நேரத்திற்கெல்லாம் எங்கள் வண்டியின் வேகம் தானே குறைந்தது. முன்னால் கறுப்பு நிறக் குதிரை வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் பின்புறத்தில் மெதுவாகச் செல்லும் வாகனம் என்பதைக் காட்டும் ஆரஞ்சு நிற முக்கோணமும், கவுண்டி நிர்வாகம் வழங்கிய எண் தகடும் இருந்தன. தகட்டுக்காக அவர்கள் செலுத்தும் கட்டணம் சாலைப் பராமரிப்புக்கு உதவுகிறது. வேலி ஓரங்களில் சோளமும் காய்கறித் தோட்டங்களும் தெரிந்தன. துணிக்கொடிகளில் ஒரே வகையான எளிய ஆடைகள் காய்ந்துகொண்டிருந்தன. வீடுகளுக்கு மின்கம்பி செல்லவில்லை.

இவர்களே ஆமிஷ் மக்கள். 1525ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ சமயப் பிரிவின் வழிவந்தவர்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கூடாது, வயது வந்தவன் தானே அறிந்து ஏற்க வேண்டும் என்றதற்காக அக்காலத்தில் அவர்களுள் பலர் கொல்லப்பட்டனர். 1693ஆம் ஆண்டில் ஜேக்கப் அம்மான் என்பவரைப் பின்பற்றிப் பிரிந்தவர்களுக்கு ஆமிஷ் என்ற பெயர் ஏற்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் அவர்கள் பென்சில்வேனியாவில் குடியேறினர். இந்தியானாவின் இப்பகுதிக்கு 1841இல் வந்து சேர்ந்தனர். இன்று வட அமெரிக்காவில் அவர்களது ஜனத்தொகை நான்கு லட்சத்தைத் தொட்டிருக்கிறது.

அன்று மாலை ஒரு முகாம் மைதானத்தில் வண்டியை நிறுத்தி, மின்சாரத்திற்கும் தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் குழாய்களையும் கம்பிகளையும் இணைத்துக்கொண்டிருந்தபோது, என் பத்து வயது மகள், "பெரியப்பா, இந்த வண்டியை எங்கே செய்கிறார்கள்?" என்று கேட்டாள். தமையனார் சிரித்துக்கொண்டே, "இங்கேதான் அம்மா. இந்த ஊர்க்காரர்கள்தான்" என்றார். அது வேடிக்கைப் பேச்சல்ல. அந்நாட்டில் தயாராகும் இத்தகைய வண்டிகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை இந்தியானா மாகாணத்திலேயே, அதிலும் பெரும்பகுதி எல்கார்ட் சுற்றுவட்டாரத்திலேயே உருவாகின்றன. அந்தத் தொழிற்சாலைகளில் மரவேலையும் பொருத்துவேலையும் செய்வோரில் ஆயிரக்கணக்கானவர்கள் ஆமிஷ் மக்கள். மோட்டார் வாகனம் வைத்துக்கொள்வதில்லை என்று விரதம் பூண்டவர்கள், பிறர் உல்லாசமாய்ச் சுற்றிவர மோட்டார் வீடுகளைக் கட்டித் தருகிறார்கள்!

மறுநாள் காலை சாலையோரக் கடை ஒன்றில் சோளக்கதிர் வாங்கப் போனோம். கடையில் ஆள் இல்லை. விலை எழுதிய பலகையும் காசு போடுவதற்கு ஒரு பெட்டியும் மட்டுமே இருந்தன. நாங்கள் காசு போடுவதைக் கண்டு, தோட்டத்திலிருந்து ஒரு முதியவர் வந்து பேச்சுக் கொடுத்தார். தாம் நிலத்திலேயே காலம் கழித்ததாகவும், பிள்ளைகள் இருவரும் வண்டித் தொழிற்சாலைக்குப் போவதாகவும் சொன்னார். நிலத்தின் விலை ஏறிவிட்டது. பிள்ளைகள் எண்ணிக்கையோ அதிகம். எல்லோருக்கும் நிலம் வாங்கிக் கொடுக்க இயலாது என்றார். தொழிற்சாலையில் கூலி எப்படி என்று கேட்டேன். செய்து முடிக்கும் உருப்படிக்கு இவ்வளவு என்ற கணக்கு, விடியுமுன் போய்ப் பகல் சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள், பணம் நன்றாகவே வருகிறது என்றார். சிறிது பொறுத்து, பணம் வருகிறது, ஆனால் பகலில் தகப்பன் வீட்டில் இல்லை என்று சேர்த்துக்கொண்டார்.

உருப்படிக் கூலி என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு நம் தறிகள் நினைவுக்கு வந்தன. அந்தக் கூலியின் மறுபக்கத்தையும் அவ்வட்டாரத்தார் நன்கறிவர். 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்கு முன்னர், அக்குடியிருப்பின் ஆமிஷ் ஆடவரில் பாதிக்கு மேற்பட்டோர் தொழிற்சாலை வேலையில் இருந்தனர். வீழ்ச்சி வந்ததும் உல்லாச வண்டிகளை வாங்குவோர் இல்லை. 2009ஆம் ஆண்டு வசந்த காலத்தில் எல்கார்ட்டில் வேலையில்லாதோர் விகிதம் ஏறத்தாழ 20 சதவீதத்தை எட்டியது. பதவியேற்ற மறுமாதமே ஜனாதிபதி ஒபாமா அந்நகருக்கு நேரில் வந்தார். பின்னர் நிலைமை சீரடைந்தது. நோய்த்தொற்றுக் காலத்தில் மக்கள் விடுதிகளைத் தவிர்த்ததால், 2021இல் ஆறு லட்சம் வண்டிகள் அனுப்பப்பட்டன. 2023இலோ அத்தொகை ஏறத்தாழ 3 லட்சத்து 13 ஆயிரமாகச் சுருங்கியது. இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதி! வெளி முதலாளியின் முன்பணத்தை நம்பியவனுக்கும் இதுவேதான் கதி. சரக்கு விலைபோகும்வரை அவர் பாவு தருவார். பண்டிகை முடிந்ததும் தறி நிற்கும். கடன் மட்டும் நிற்பதில்லை.

அவ்வாறாயின், 2009இல் அந்த மக்கள் எவ்வாறு பிழைத்தனர்? சிலர் அரசாங்கத்தின் வேலையிழப்பு உதவியையும் பெற்றதுண்டு. ஆனால் அவர்களைத் தாங்கிய பெருந்தூண் வேறு. சுமார் முப்பது குடும்பங்கள் சேர்ந்தது ஒரு திருச்சபை வட்டம். அவர்களுக்குக் கோயில் கட்டிடமே கிடையாது. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை முறைவைத்து ஒரு வீட்டில் கூடுகிறார்கள். பெஞ்சுகளை ஒரு வண்டியில் ஏற்றி வீட்டுக்கு வீடு கொண்டு செல்கிறார்கள். ஊழியர்கள் சீட்டு முறையில் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. ஒருவனுடைய களஞ்சியம் எரிந்துபோனால் அண்டை வட்டத்தாரும் திரண்டு வந்து புதியதை எழுப்பிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பெரும்பாலோர் இன்ஷூரன்ஸ் கம்பெனியை நாடுவதில்லை. பொது நிதியே கைகொடுக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்காக அவர்கள் அரசாங்கத்துடனும் பிணங்க நேர்ந்தது. முதியோர்க்கான சமூகக் காப்பு வரியைச் செலுத்த மறுத்த ஒரு பென்சில்வேனிய விவசாயியின் உழவுக் குதிரைகளை 1961இல் அதிகாரிகள் பறிமுதல் செய்து விற்றனர். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டம், சுயதொழில் செய்யும் ஆமிஷ் மக்களுக்கு அவ்வரியிலிருந்து விலக்கு அளித்தது. 1988இல் ஆமிஷ் முதலாளியிடம் வேலை செய்யும் ஆமிஷ் தொழிலாளருக்கும் அது நீட்டிக்கப்பட்டது. எங்கள் முதியோரை நாங்களே காப்போம் என்பது அவர்களுக்கு வெறும் மேடைப் பேச்சல்ல என்பது இதனால் விளங்கும்.

இனி, அவர்கள் இயந்திரங்களை வெறுப்பவர்கள் என்று நம்மவர் பலர் எண்ணுவது தவறு. பால் குளிர்விக்க டீசல் எஞ்சினையும், பட்டறைக் கருவிகளுக்கு அழுத்தக் காற்றையும், விளக்குகளுக்குப் பாட்டரியையும் பல வட்டங்கள் அனுமதிக்கின்றன. பல குடும்பங்களுக்குப் பொதுவான டெலிபோன் ஒரு சிறு கொட்டகையில், வீட்டுக்கு வெளியே இருக்கிறது. இப்பகுதியில் சைக்கிளுக்கும் தடையில்லை. புதிய சாதனம் ஒன்று வந்தால், இது பாவமா என்பதைவிட, இது அயலானை நமக்கு நெருக்கமாக்குமா, தூரமாக்குமா என்பதையே அவர்கள் ஆராய்கிறார்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், ஆண்டுக்கு இருமுறை, திருவிருந்துக்கு முன்னதாகச் சபை கூடி நடைமுறை விதிகளை நினைவுகூர்ந்து ஒவ்வொருவரும் இசைவு தெரிவிக்கின்றனர். 'ஆர்ட்னுங்' என்று வழங்கும் அவ்விதிகள் வட்டத்துக்கு வட்டம் வேறுபடும். ஆனால் எந்த வட்டத்திலும் தனியொருவன் தன் போக்கில் தீர்மானிப்பதில்லை.

விளைபொருள் விற்பனையிலும் இக்குணம் பயன் தந்திருக்கிறது. 1988இல் விஸ்கான்சின் மாகாணத்தில் தோன்றிய ஆர்கானிக் வேலி என்னும் உற்பத்தியாளர் கூட்டுறவில் ஆமிஷ் விவசாயிகள் பலர் அங்கத்தினராய் உள்ளனர். ஒஹாயோ மாகாணத்தில் 2003இல் ஏற்பட்ட கிரீன் ஃபீல்ட் ஃபார்ம்ஸ் என்ற கூட்டுறவோ, குதிரை வண்டியையே பிரதான வாகனமாகக் கொண்ட விவசாயிகளை மட்டும் சேர்த்துக்கொள்கிறது. சிறு நிலக்காரன் தொழிற்சாலைக்குப் போகாமல் நிலத்திலேயே வாழ வழி செய்வது அதன் நோக்கம். பெயரிலும் அடையாளத்திலும் இருக்கும் நம்பிக்கையைத் தரகனிடம் விட்டுவிடாமல் உற்பத்தி செய்பவனே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பாடம், நமது கைத்தறிக்கும் பொருந்துவதே.

ஆயினும், அவர்களிடமுள்ள யாவும் நமக்கு உகந்தவை என்று நான் கூறவில்லை. அவர்கள் பள்ளிக்கல்வி எட்டாம் வகுப்புடன் முடிந்துவிடுகிறது. 1972ஆம் ஆண்டில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமே அவர்களுக்கு அவ்வுரிமையை அளித்தது. பெண்கள் சபை ஊழியராக முடியாது. ஞானஸ்நானம் பெற்றபின் விலகுபவனை உற்றாரே ஒதுக்கி வைக்கின்றனர். நெசவாளரும் விவசாயிகளும் தம் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்க வேண்டுமென்று பட்ட பாட்டை அறிந்தவன் நான். என் மகளின் படிப்பு எட்டாம் வகுப்போடு நிற்பதற்கு நான் ஒருகாலும் சம்மதியேன். மேலும், விரும்பியவர் சேரலாம், விரும்பாதவர் விலகலாம் என்பதே கூட்டுறவின் முதல் தத்துவம். வெளியே போகும் கதவைத் தாழிட்டு வளர்க்கும் ஒற்றுமை நமக்கு வேண்டாம்.

ஆனால் கதவு திறந்திருப்பதனாலேயே உள்ளே யாரும் உட்கார வேண்டியதில்லை என்று நாம் பொருள் கொண்டுவிட்டோமோ என்பதே என் ஐயம். ஆண்டுக்கு ஒருமுறை கூடும் பொதுச்சபைக்கு வருவதற்கு நமக்கு நேரமில்லை. தீர்மானப் புத்தகம் வீடு தேடி வந்தால் படிக்காமலே கையொப்பமிடுகிறோம். பிறகு, நிர்வாகிகள் தம் விருப்பப்படி நடந்துவிட்டனர் என்று குறை கூறுகிறோம். இதில் என் போன்ற அதிகாரிகளுக்கும் பங்குண்டு. கையொப்பங்களை எண்ணுவதோடு எங்கள் சோதனை நின்றுவிடுகிறது, ஆட்களை எண்ணுவதில்லை.

ஆகவே, சங்கத்தால் எங்களுக்கு என்ன லாபம் என்று கேட்பதற்கு முன், "கடைசியாக நாம் எல்லோரும் எப்போது ஒன்றாக உட்கார்ந்தோம்?" என்று கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். விசைத்தறிக் கூலிக்குப் போகலாமா, வெளியாரிடம் பாவு வாங்கலாமா, ஒரே வியாபாரியை நம்பி எல்லோரும் ஒரே பயிரை வைக்கலாமா என்பவை ஒவ்வொரு வீட்டிலும் இராத்திரியில் தனித்தனியே முடிவாகின்றன. கூடிப் பேசினால் முடிவு மாறாமலும் இருக்கலாம். அந்த முதியவரின் பிள்ளைகளும் தொழிற்சாலைக்குத்தான் போகிறார்கள். ஆனால் தொழிற்சாலை கதவை அடைத்த நாளில் அவர்களுக்குத் திரும்பி வர ஓர் இடம் இருந்தது. நம்மவர்களுக்கு இருக்கிறதா?

ஊர் திரும்பியதும் அந்த அறிக்கையை வெளியே எடுத்தேன், கையொப்பமிடவில்லை. செயலாளரை உடன் அழைத்துக்கொண்டு நான்கு மாலைகள் தெருத்தெருவாய்ச் சென்று அங்கத்தினர்களைச் சந்தித்தேன். பொதுச்சபை கூடிய நாளில் பட்டியலிலிருந்தோரில் பாதிக்குச் சற்று அதிகமானோர் வந்தனர். கோபமான பேச்சுகளே மிகுதி. என்மீதும் சில விழுந்தன. முடிவில், ஒரு வருஷம் தவணை கொடுங்கள், முதலில் பத்துத் தறிகளைச் சங்கத்துக்குத் திருப்புகிறோம் என்று கேட்டுக்கொண்டனர். அச்சங்கம் பிழைக்குமா என்பதை நான் இப்போது உறுதி கூற இயலாது. ஆனால் அதைக் கலைப்பதாயிருந்தாலும், அதன் அங்கத்தினர்கள் கூடி உட்கார்ந்து கலைக்கட்டும். இழுப்பறையிலிருந்து எடுத்த ஒரு காகிதம் கலைக்க வேண்டாம்.

இம்மாதம் உங்கள் சங்கத்திலிருந்து கூட்ட அறிவிப்பு வந்தால், அன்பு கூர்ந்து நேரில் செல்லுங்கள். கையொப்பம் பிறகு இடலாம்.